கடி விழுந்த காப்பகம்

முதல் கடி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் விழுந்தது. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று, பக்கத்தில் படுத்திருந்த பையனின் முதுகில் வாய் வைத்தது, எடுக்கவில்லை. பெரிய ஆயாம்மா அதன் மூக்கைப் பிடித்து மூச்சை அடைத்துத்தான் வாயைத் திறக்கவைத்தார். முதுகில் மேலே நான்கு, கீழே நான்கு என்று பல் பதிந்திருந்தது. அந்தப் பையன் உடனே அழவில்லை. ஒவ்வொருவராக எங்கள் முகத்தைப் பார்த்தான். அப்புறம்தான் கத்தினான்.

அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று கடி. அடுத்த மாதம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து நடந்த காப்பகம் அது. சுற்றுவட்டார கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரே கம்பெனியில் வேலை செய்தார்கள். கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி. பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று அந்தக் கம்பெனியே காப்பகத்துக்கு மாதாமாதம் கட்டிவிடும். வாடகை, பால், மூன்று ஆயாக்களின் சம்பளம் எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

என் அக்கா அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அச்சிலிருந்து வரும் ரப்பரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டுகிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. மாமா கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டு குஜராத் பக்கம் போனவர், மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். பணம் எப்போதாவது வரும். அக்கா எட்டாவதோடு நின்றவள். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். காஞ்சிபுரத்தில் நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தது அக்காவின் கத்தரியால்தான். படிப்பை முடித்து, வேலைக்கு மனு போட்டபடி அவளுடைய ஒற்றை அறை வீட்டில் இருந்தேன். அப்போது காப்பகம் நடத்திய அம்மா என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். முன்பு நர்சரி பள்ளியில் இருந்தவர் என்பதால் அவரை எல்லோரும் டீச்சரம்மா என்போம். பதிவேடு எழுதுவது, சாமான் வாங்குவது, கேட்டைத் திறந்து மூடுவது என் வேலை. அக்காவின் மூன்று வயது மகளும் அங்கேதான் இருந்தாள்.

காண்ட்ராக்டர் அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்: "மாசத்துல மூணு நாள் வராம நின்னின்னா நாலாவது நாளு கேட் பாஸ வாங்கிடுவேன். அழுதுகினு வந்து நிக்காத." ஆகவே காப்பகம் திறந்திருந்தால் அக்காவுக்கு வேலை உண்டு. மூடினால் இல்லை. பிள்ளையை விட்டுப்போக எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளையில் தங்கி வேலை செய்தார்கள்.

அந்தக் காப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மதியத் தூக்கத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மா உடுத்திக் கழற்றிய துணியின் மேல் படுக்கும். பழைய நைட்டி, துப்பட்டா, ஒரு பிள்ளைக்குக் கம்பெனிக் கோட்டு. சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணிக்கு மேலும் குடை, யானை, வாழைப்பழம் என்று ஒரு படம். திங்கட்கிழமை ஷிப்ட் மாறும்போது அம்மாக்கள் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு முந்தைய துணியை எடுத்துப்போவார்கள். பெரிய ஆயாம்மா செய்த ஏற்பாடு அது. எனக்கு அது அழுக்குப் பழக்கமாகத்தான் பட்டது. வேர்வையும் ரப்பர் வாடையும் தேங்காயெண்ணெயும் ஏறிய துணியில் போய்ப் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் கேட்டதில்லை.

கம்பெனிப் பணம் முதலில் தாமதமானது. அப்புறம் காண்ட்ராக்ட் பெண்களின் பிள்ளைகளுக்குக் கட்ட முடியாது என்றார்கள். அப்புறம் யாருக்குமே வரவில்லை. போன் செய்தால், "பில்லு ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்பார்கள். சம்பளம் வராத முதல் ஆயா ஒரு கேன்டீனுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போகவில்லை. அது ஒரு திங்கட்கிழமை. மறுநாள்தான் அந்த முதல் கடி. கடித்த பெண் குழந்தைக்கு இடுப்பிலேயே வைத்துச் சோறூட்டியவர் அந்த ஆயாதான் என்பதை நான் பல நாள் கழித்துத்தான் சேர்த்துப் பார்த்தேன்.

அடுத்த ஆயாவும் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் ஒன்பது நாள் இருந்தார். அதற்கடுத்து வந்தவர் நான்கு நாள். டீச்சரம்மா பின்னறையைத் தண்ணீர் கேன் ஏஜென்ட் ஒருவருக்குக் குடோனாக விட்டார். இரண்டு அறைப் பிள்ளைகள் ஒரே அறைக்கு வந்தார்கள். ஒரு ஃபேன், இருபத்திரண்டு பிள்ளைகள். பாலில் தண்ணீர் ஏறியது. புதிதாக வந்த முகம் எதுவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. தூக்கினால் கன்னத்தில் அறைந்தார்கள், தலைமயிரைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒருத்தி தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்வாள். திரும்பத் திரும்ப, நெற்றி வீங்கும்வரை. துணி மாற்றுகிற வழக்கமும் நின்றது. வாங்கி வைக்க ஆள் இல்லாமல் ஒரே துணி நான்கைந்து வாரமாக ஆணியில் தொங்கியது.

வாடகைக்காக வீட்டுக்காரர் வந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளைங்கள முன்னால உக்கார வெச்சிகினு படம் காட்றியா? இன்னிக்குத் துட்டு வரல, தண்ணி மோட்டார் ஓடாது."

"கம்பெனியில தந்ததும் மொத வேலயா உங்களுதுதாங்க."

"கம்பெனிக்கா வூடு வுட்டேன்? உனக்குத்தான வுட்டேன்!"

சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் ஆடுகுதிரையைக் காலால் எத்தினார். அது படியில் உருண்டு ரோட்டுக்குப் போனது. அந்த வழியாக வந்த டெம்போ அதன் மேல் ஏறியது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் யாரும் அழவில்லை. இரண்டு பேர் கைதட்டினார்கள்.

நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், உச்சியில் இரட்டைச் சுழி. அவன் அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, அக்காவின் லைனிலேயே வேலை செய்தவர். இவன் அடுத்த பிள்ளைகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் இடிப்பான். நான் சொல்லிப் பார்த்தேன், மூலையில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு நாள் பதிவேட்டுக்குக் கோடு போடும் ஸ்கேலால் அவன் தொடையில் அடித்தேன். மறுநாளும் அடித்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. படித்தவன். ஸ்கேல் கைக்கு வந்தபிறகு அது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை எழுதாமல் இதில் மற்றதை எழுதிப் பயனில்லை.

பெரிய ஆயாம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா காலேஜு, புள்ள தொடையில கோடு போட்டுப் பாக்கறியா?"

"அவன் எல்லாரையும் இடிக்கிறான் ஆயாம்மா."

"இடிக்காம? நாளிக்கு ஒரு மூஞ்சி வந்து கய்வி வுட்டா, நானா இருந்தா கொரவளயக் கடிச்சிருப்பேன்."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"நான் இன்னாத்த சொல்றது? மூணு மாசமா பஸ்ஸுக்குக் கடன் வாங்கினு வரேன். எனக்கும் வூட்ல அடுப்பு கீது. நாளிலேந்து அப்பார்ட்மென்ட்ல ஹவுஸ்கீப்பிங்கு. நீயாச்சி உன் ஸ்கேலாச்சி."

சாவிக் கொத்தை என் காலடியில் வீசினார். பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கப்புறம் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு டீச்சரம்மா, நான், வந்து வந்து போகிற யாரோ ஒரு பெண்.

அந்தச் சனிக்கிழமை டீச்சரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம கம்பெனி எச்.ஆர்.லேந்து பாக்க வராங்கப்பா. அவங்களுக்குத் திருப்தின்னா பழைய பில்லு மொத்தமும் பாஸ் ஆவும். ஆயாங்களக் கையில கால்ல வுழுந்தாவது திருப்பிக் கூட்டினு வந்துடலாம். இல்லன்னா செவ்வாக்கெழம பூட்டுதான்."

"நான் பாத்துக்கறேன் டீச்சரம்மா."

உண்மையாகவே நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஓ.டி. இல்லை, மகளோடு வீட்டில் இருந்தாள். நான் காலையிலேயே காப்பகத்தைத் திறந்து, மாடி வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து தரையைத் தேய்த்தேன். சுவரில் இருந்த கை அச்சுகளைத் துடைத்தேன். பிறகு ஆணிகளைப் பார்த்தேன். கறுத்துப்போன, ஓரம் விறைத்த இருபத்திரண்டு துணிகள். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படப்போவது அதுதான். எல்லாவற்றையும் எடுத்து டிரம்மில் போட்டு, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் என்று கணக்குப் பார்த்துக் கலந்து, சோப்புத்தூள் போட்டு, இரண்டு தடவை அலசினேன். கல்லூரியில் படித்தது முதல் தடவையாக ஒரு வேலைக்கு உதவியது. மொட்டை மாடியில் துணிகள் வெளுத்துத் தொங்கியதை நின்று பார்த்தேன். மார்பை நிமிர்த்தி நின்று பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். எச்.ஆர். அம்மா ஒருவர், டேப்லெட்டில் படம் எடுக்கிற இளைஞர் ஒருவர். உள்ளே வந்ததும் அந்த அம்மா மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்களே. மத்த இடமெல்லாம் உள்ள நுழையவே முடியாது."

டீச்சரம்மா என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தத் தம்பிதாங்க. டிகிரி முடிச்ச பிள்ள."

பிள்ளைகளைப் படுக்கவைக்க நான் துணிகளை விரித்தேன். முதலில் கம்பெனிக் கோட்டுக்காரப் பையன் எழுந்தான். கோட்டைத் தூக்கி முகத்தில் வைத்தான், வீசினான். ஒருத்தி துப்பட்டாவை இரண்டு கையாலும் கசக்கிக் கசக்கி முகர்ந்தாள். என் அக்கா மகள் தன் நைட்டியில் மூக்கை வைத்தாள். திருப்பிப் போட்டு மறுபடி வைத்தாள். எழுந்து போய்ச் சுவரில் தன் ஆணிக்கு மேலிருந்த குடைப் படத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து பக்கத்துப் பிள்ளையின் துணியை இழுத்தாள், அடுத்த பிள்ளையுடையதையும் இழுத்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்து கீழே போட்டாள். யாரோ தன்னுடையதை மாற்றிவிட்டார்கள் என்று தேடுகிறாள். எனக்கு அது அப்போது புரியவில்லை. சேட்டை செய்கிறாள் என்று கண்ணால் மிரட்டினேன்.

அப்புறம் நடந்தது நடந்த வேகத்துக்கு என்னால் எழுத முடியாது. பிடுங்கினார்கள், அறைந்தார்கள். ஒரு பெண் பிள்ளை வாயில் நுரை வரக் கத்தியது. சுவரில் மோதிக்கொள்கிறவள் தன் இடத்துக்குப் போய் மோதத் தொடங்கினாள். இரட்டைச் சுழிப் பையன் தன் துணியைப் பிடுங்கிய என் அக்கா மகளின் தலையைப் பிடித்துத் தரையில் இடித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. அதுவரை யாரையும் கடிக்காத பிள்ளை அவள். மூன்றாவது தடவை அவன் குனிந்தபோது அவன் காதைக் கவ்விவிட்டாள்.

நான் ஓடிப்போய் அவளை இழுத்தேன். காதும் கூடவே இழுபட்டது. அவன் அலறினான், அவள் முகவாயில் ரத்தம் இறங்கியது. மூக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கன்னத்தில் அறைந்தேன். வாயை விட்டுவிட்டாள். அப்புறமும் ஒரு அறை அறைந்தேன். முதல் அறை காதை விடுவிக்க. இரண்டாவது எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை பக்கவாட்டில் போய் விழுந்தாள். விழுந்த இடத்தில் எழாமல் என்னையே பார்த்தாள்.

டேப்லெட் இளைஞரின் கை அந்தரத்தில் நின்றிருந்தது.

"இவர் யாரு? ஸ்டாஃபா?" என்றார் எச்.ஆர். அம்மா.

டீச்சரம்மா தலையசைத்தார்.

"குழந்தைய இப்படி அடிக்கிற இடத்துக்குக் கம்பெனி எப்படிங்க பணம் குடுக்கும்? நாளைக்கு எங்களத்தான கேப்பாங்க."

டீச்சரம்மா காது கிழிந்த பையனைத் தூக்கி வைத்திருந்தார். அவர் சேலைத் தோள் சிவந்துகொண்டே வந்தது. "அஞ்சு மாசமா நீங்க ஒவ்வொரு நாளும் அடிச்சீங்க. அத எதுலம்மா படம் புடிப்பீங்க?"

அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அந்த அம்மா சொன்னதில் தப்பு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வலி.

பக்கத்து கிளினிக்கில் பையனின் காதில் இரண்டு தையல் போட்டார்கள். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. அக்காவும் பையனின் அம்மாவும் ஒன்றாக இறங்கினார்கள். மகன் காதில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் பையனின் அம்மா கேட்டிலேயே நின்று கத்தினார்.

"எம்பிள்ள காத எவட்டி கடிச்சது? எவ பெத்த பிள்ள?"

"எம் பொண்ணுதான்," என்றாள் அக்கா. பொய் சொல்லியிருக்கலாம்.

அந்த அம்மா அக்காவின் கொண்டையைப் பிடித்தார். அக்கா அவர் கோட்டுக் காலரைப் பிடித்தாள். காலையிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் நின்று பிசிறு வெட்டியவர்கள், கேட்டுக்கு வெளியே சரளையில் விழுந்து புரண்டார்கள். நான் நடுவில் போனேன். "அடிச்சது நான்தான், எல்லாம் என்னாலதான்" என்றேன். அதற்குள் யாரோ ஸ்கேல் கதையையும் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றினார்.

"படிச்ச தம்பின்னு நெனச்சேனேலே! பால்மணம் மாறாத பிள்ள மேலயால கைய வச்ச?"

தலையில், தோளில், முகத்தில். செருப்பின் பக்கிள் என் புருவத்தைக் கிழித்தது. நான் கையை உயர்த்தவில்லை. அடி நின்றபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அக்கா என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். மகள் ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிடந்த நைட்டியை அக்கா எடுத்தாள். முகத்துக்கு அருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"யாரு தோச்சது?"

"நான்தான்க்கா. இன்ஸ்பெக்‌ஷனுக்காக."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மோந்து பாத்துதான்டா இதுங்க தூங்கும். அம்மா கூடவே கீதுன்னு நெனச்சிகினு தூங்கும். ஆயா போச்சு, பால் போச்சு, அது ஒண்ணுதான்டா மிச்சம் இருந்துச்சி. அதயும் போயி வெளுத்துட்டியேடா!"

நைட்டியை முறுக்கி என் கழுத்தில் அடித்தாள். ஈரமில்லாத துணி, வலிக்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. டிபன் பாக்ஸை எடுத்து எறிந்தாள். அது வலித்தது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் பூட்டுப் போட்டார். அக்கா செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வேலைக்குப் போகவில்லை. சுற்றியிருந்த காப்பகங்களுக்கெல்லாம் நடந்தாள். ஒன்றில் கேட்ட தொகை அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஒன்றில் கடித்த பிள்ளை என்று முன்பே தெரிந்திருந்தது. மகள் என் பக்கம் வருவதில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலே அக்காவின் பின்னால் போய் நிற்பாள்.

வியாழன் சாயங்காலம் அக்கா சோறு போட்டுவிட்டுச் சொன்னாள். "நாளைக்குப் போவலன்னா பாஸ வாங்கிடுவான்."

"நான் பாத்துக்கறேன்க்கா."

"நீ பாத்துகினத்தான் பாத்தேனே."

தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வேற யாரு கீறா?" என்றாள். என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் அக்கா சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாசலில் தென்காசிக்கார அம்மா, கம்பெனிக் கோட்டோடு. இடுப்பில் தூங்கிவழிகிற இரட்டைச் சுழிப் பையன், காதில் பிளாஸ்திரி. அக்கா இவரைப் பார்த்தாள், இவர் அக்காவைப் பார்த்தார். அக்காவின் நெற்றியோரம் முடி பிய்ந்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"நீ வேலைக்குப் போறியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"போவணும்."

"எனக்கும் மூணு நாளு ஆச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவன் இங்கன இருக்கட்டும். நான் ஒண்ணும் ஒன்னய மன்னிச்சு விடல. எனக்கு வேற போக்கில்ல. இன்னொருக்கா கை நீட்டுனேன்னு தெரிஞ்சுது, கைய முறிச்சுப் போட்ருவேன் பாத்துக்க."

"சரிக்கா."

"அக்கான்னு சொல்லாத. தயிர்ச்சோறு இருக்கு. ஒறைப்பு குடுக்காத."

பஸ் ஹாரன் கேட்டது. அக்கா மகளைக் கீழே இறக்கினாள். அவள் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்துத்தான் விட முடிந்தது. இரண்டு அம்மாக்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே ஓட்டமாக ஓடினார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

பத்துக்குப் பத்து அறை. அவள் கதவருகே, அவன் பீரோ பக்கம், நடுவில் நான். மாலை மூன்று மணிவரை நேரம் இருந்தது. அவன் முதலில் அசைந்தான். தரையில் இருந்த டம்ளரை எடுத்து அவளை நோக்கி வீசினான். அது அவள் தோளில் பட்டது. அவள் வீறிட்டுக்கொண்டு அவன் மேல் பாய்ந்தாள். நான் இடையில் புகுந்து என் உடம்பைக் கொடுத்தேன். அவன் என் முதுகில் குத்தினான். அவள் என் முன்கையில் பல்லைப் பதித்தாள். இன்னொரு கை தானாக மேலே எழுந்துவிட்டதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஆனால் வாயை விடவில்லை.

எழுந்த கையை இறக்கி, தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.